கண்ணுக்குப் புலனாகாததை எண்ணிய வரலாறு

எண்ணுதல் எளிய செயல் என்று நாம் கருதுகிறோம். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரை எண்ணுகிறோம். கூடையில் உள்ள பழங்களை எண்ணுகிறோம். வானத்து மீன்களையும் ஓரளவு எண்ணிவிடுகிறோம். இவை எல்லாவற்றிற்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. எண்ணப்படும் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறியவும் முடிகிறது. கண்ணுக்கே தெரியாத பொருளை எண்ணுவது எவ்வாறு? அதுவும், அப்பொருள் தனித்தனித் துகள்களாக இருக்கின்றதா, அன்றிச் சர்க்கரைப் பாகுபோல் நீரில் கரைந்து கிடக்கின்றதா என்பதே தெளிவாகாத காலத்தில் எண்ணுவது எவ்வாறு?

வைரஸ் என வழங்கும் நச்சுயிரியை எண்ணிய அறிஞர்கள் இவ்விரு இடர்களையும் ஒருங்கே எதிர்கொண்டனர். இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் நச்சுயிரியின் குறுக்களவு ஏறத்தாழ 30 நானோமீட்டர். அவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை அடங்கும். வழக்கமான ஒளி உருப்பெருக்கியால் இத்துணைச் சிறிய பொருளைத் தெளிவாகக் காட்ட இயலாது. ஆயினும், மின்னணு உருப்பெருக்கி இத்தகைய நுண்பொருள்களைக் காட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை எண்ணும் வழி கண்டறியப்பட்டுவிட்டது. அதன் வரலாறு மருத்துவ வரலாற்றின் ஒரு பகுதி மட்டுமன்று. சான்று என்பது யாது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கற்பிக்கும் பாடமுமாகும்.

வடிகட்டியைக் கடந்த பகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு விரைந்து வளர்ந்தது. பாக்டீரியாக்களை உருப்பெருக்கியில் காணவும், நுண்துளைகள் கொண்ட பீங்கான் வடிகட்டியால் நீரிலிருந்து பிரிக்கவும் முடிந்தது. 1892இல் உருசிய அறிஞர் இவானோவ்ஸ்கி, புகையிலைச் செடியின் இலைகளில் திட்டுத்திட்டாகத் தோன்றும் நோயை ஆராய்ந்தார். நோயுற்ற இலையின் சாற்றை அத்தகைய வடிகட்டியில் செலுத்திய பின்னும் அது நோய் பரப்பும் ஆற்றலை இழக்கவில்லை. 1898இல் ஆலந்து நாட்டு அறிஞர் பெயரிங்க் இதனை மீண்டும் ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று, உயிருள்ள ஒருவகைத் தொற்று நீர்மம் என்று கூறினார். அதே ஆண்டில் செருமானிய அறிஞர்கள் லோஃப்லரும் ஃபுரோஷும், கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய்க்கும் வடிகட்டியில் நழுவும் பொருளே காரணம் என்று காட்டினர். அதனைத் துகள் என்றே அவர்கள் கருதினர்.

நீர்மமா, துகளா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. நீர்மமாயின் அதனை அளக்கலாம், எண்ண இயலாது. துகளாயின் எண்ண இயலும். ஆகவே, எண்ணும் முறையைத் தேடியவர்கள் ஓர் அளவுமுறையை மட்டும் தேடவில்லை. நச்சுயிரியின் இயல்பையே தேடினர்.

டி ஹெரெல் கண்ட தெளிவு

1915இல் இலண்டனில் ஆராய்ந்த ஃபிரெடரிக் டுவோர்ட், பாக்டீரியாக் கூட்டங்கள் சில கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தன்மை பெற்று அழிவதைக் கண்டார். அழிந்த பகுதியிலிருந்து சிறிதளவு எடுத்து நலமான கூட்டத்தில் தொட்டால் அதுவும் அழிந்தது. காரணங்கள் பலவற்றை அவர் எண்ணிப் பார்த்தார். எனினும் இன்னதுதான் என்று அறுதியிட்டுக் கூறவில்லை.

அறுதியிட்டுக் கூறியவர் ஃபெலிக்ஸ் டி ஹெரெல். முறையான பல்கலைக்கழகப் பட்டம் பெறாமல் தம் முயற்சியாலேயே நுண்ணுயிரியலைக் கற்றவர் இவர். முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில், சீதபேதியால் வாடிய நோயாளிகளின் மலத்தை இவர் ஆராய்ந்தார். அதனை வடிகட்டி, வடிநீரைச் சீதபேதிப் பாக்டீரியாக்களோடு கலந்து, கூழ்போல் உறைந்த ஊட்டத்தின் மேல் பரப்பினார். பாக்டீரியாக்கள் பெருகி, பனி படர்ந்தாற்போல் வெண்மையாகத் தட்டை மூடின. ஆனால் அவ்வெண்மையின் இடையே ஆங்காங்கே வட்ட வட்டமாக வெற்றிடங்கள் இருந்தன. அங்கே பாக்டீரியா ஒன்றுமில்லை.

1917 செப்டம்பரில் டி ஹெரெல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். பாக்டீரியாவை உண்டு வாழும் நச்சுயிரி ஒன்று உண்டு என்றார். பாக்டீரியாவைத் தின்பது என்னும் பொருளில் அதற்கு பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். நாம் அதனைப் பாக்டீரியா தின்னி எனலாம். வெறுமையாகத் தோன்றிய வட்டத்தைத் தெளிபுள்ளி எனலாம். ஆங்கிலத்தில் பிளாக் எனப்படும் இப்புள்ளியை, எலிகளின் வழிப் பரவும் பிளேக் நோயோடு மாணவர் மயங்கலாகாது. ஒலி நெருக்கமன்றி இரண்டுக்கும் தொடர்பில்லை.

இங்கே டி ஹெரெலின் சிந்தனைக் கூர்மையைக் கருத வேண்டும். ஒவ்வொரு தெளிபுள்ளியும் ஒரே ஒரு தின்னியிலிருந்து பிறந்தது என்று அவர் கூறினார். ஒரு தின்னி ஒரு பாக்டீரியாவினுள் புகுகிறது. அதனுள் பெருகி அதனை உடைத்து வெளிவருகிறது. வெளிவந்த பல தின்னிகள் அண்டையிலுள்ள பாக்டீரியாக்களைத் தாக்குகின்றன. இவ்வாறு அழிவு வட்டமாக விரிகிறது. தின்னியை நாம் காண்பதில்லை; அது விளைத்த வெறுமையைக் காண்கிறோம். வெறுமையை எண்ணினால் தின்னியை எண்ணியதாகும்.

துகளா, நொதியா?

இக்கருத்தை அனைவரும் உடனே ஏற்கவில்லை. பெல்ஜிய அறிஞர் சூல் போர்டே இதனைக் கடுமையாக மறுத்தார். அவர் 1919ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்ற பேரறிஞர். பாக்டீரியாக்களை அழிப்பது புறத்தேயிருந்து வந்த உயிரி அன்று. பாக்டீரியாவிலேயே தோன்றும் நொதி போன்ற ஒரு பொருள் என்பது அவர் கொள்கை. ஒருபுறம் பட்டமில்லாத ஆய்வாளர், மறுபுறம் நோபெல் பரிசு பெற்றவர். இத்தகைய வழக்கில் புகழைக் கொண்டு தீர்ப்பளித்தல் அறிவியலுக்கு உடன்பாடன்று.

டி ஹெரெலுக்குத் துணைநின்றது எண்ணே. தின்னிகள் உள்ள நீர்மத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் தெளிபுள்ளிகளும் பத்தில் ஒன்றாகக் குறைந்தன. மேலும் மேலும் நீர்த்தால் புள்ளிகளின் தொகை குறைந்ததேயன்றி, தனிப்புள்ளியின் அழிவு ஆற்றல் குன்றவில்லை. நொதி கரைந்துள்ள நீர்மமாயின் யாது நிகழும்? நீர்க்க நீர்க்க அதன் ஆற்றல் எங்கும் சீராக நலிய வேண்டும். தட்டு முழுவதும் மெலிதாக மங்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஓரிடத்தில் முழு அழிவு. அதன் அருகிலேயே அழிவே இல்லை. இடைநிலை என்பது இல்லை. தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் பொருளுக்கே இது பொருந்தும். இயற்பியலாளர் என்ற முறையில் இச்சோதனை பொருளின் தொடர்ச்சியின்மையை மெய்ப்பிப்பதாகத் தாம் கருதுவதாய் ஐன்ஸ்டைன் கூறினார் என்று டி ஹெரெல் தம் நூலில் குறித்துள்ளார்.

ஆயினும் வாதம் நீண்டது. 1940இல் செருமனியில் எல்முட் ருஸ்கா மின்னணு உருப்பெருக்கி வாயிலாகப் பாக்டீரியா தின்னிகளின் உருவத்தைக் காட்டினார். அவை துகள்களாகவே இருந்தன. எண்ணியவர் கூறியதைக் கண்டவர் உறுதிப்படுத்த 23 ஆண்டுகள் ஆயின.

எண்ணும் முறை

இம்முறையின் கணக்கு நம் மாணவர்க்கும் எளிதில் விளங்கக்கூடியது. நச்சுயிரி உள்ள நீர்மம் ஒரு மில்லிலிட்டரை 9 மில்லிலிட்டர் தூய கரைசலில் கலந்தால் அது பத்தில் ஒன்றாக நீர்க்கும். அதிலிருந்து மீண்டும் ஒரு மில்லிலிட்டரை எடுத்து 9 மில்லிலிட்டரில் கலந்தால் நூறில் ஒன்று. இவ்வாறு ஆறு முறை செய்தால் பத்து இலட்சத்தில் ஒன்று. அதிலிருந்து 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் இட்டபோது 42 தெளிபுள்ளிகள் தோன்றியதாகக் கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு அது 420. நீர்க்காத மூல நீர்மத்துக்கு 420ஐப் பத்து இலட்சத்தால் பெருக்கினால் 42 கோடி. நாற்பத்திரண்டை எண்ணி நாற்பத்திரண்டு கோடியை அறிகிறோம்.

எல்லாத் தட்டும் எண்ணத் தகுந்ததன்று. பாக்டீரியா தின்னிகளைப் பொறுத்தவரை 30க்கும் 300க்கும் இடைப்பட்ட புள்ளிகள் உள்ள தட்டையே கணக்கில் கொள்வது பொதுவழக்கு. அதற்கு மிகுந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். குறைந்தால் தற்செயலான ஏற்றத்தாழ்வு கணக்கைக் கெடுக்கும். எண்ண முடிந்ததையெல்லாம் எண்ணுவதன்று, நம்பத்தக்கதை மட்டும் எண்ணுவதே அளவையின் ஒழுக்கம்.

ஒரு புள்ளிக்கு ஒரு நச்சுயிரியே போதும் என்பதற்குச் சான்று என்ன? நச்சுயிரியை இருமடங்காக்கினால் புள்ளிகளும் இருமடங்காகின்றன. ஒரு புள்ளியை உண்டாக்க இரண்டு நச்சுயிரிகள் ஒருங்கே புகவேண்டும் என்றிருந்தால், இருமடங்காக்கும்போது புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும். அவ்வாறு ஆவதில்லை. வரைபடத்தில் கோடு நேராகவே செல்கிறது.

அடுக்களையிலிருந்து வந்த துணை

இம்முறைக்கு இன்றியமையாத பொருள் ஒன்று நம் பகுதியோடு தொடர்புடையது. நச்சுயிரி பாயும் நீரில் இருந்தால் எங்கும் பரவிவிடும், புள்ளி உருவாகாது. அதனை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் கூழ். அகர்-அகர் என்பது மலாய்ச் சொல். பண்டிகை நாள்களில் நம் இல்லங்களிலும் வண்ண வண்ணமாகச் செய்து உண்ணும் அதே பொருள்தான் இது.

1881ஆம் ஆண்டளவில் செருமானிய மருத்துவர் வால்ட்டர் எஸ்ஸே நுண்ணுயிர் வளர்க்க விலங்குப் பசையைப் பயன்படுத்தி இடருற்றார். வெப்பத்தில் அது உருகியது. பாக்டீரியாக்களும் அதனைக் கரைத்தன. அவர்தம் துணைவியார் ஃபேனி எஸ்ஸே, தாம் பழக்கூழ் செய்யப் பயன்படுத்தும் அகரைக் கையாளுமாறு கூறினார். சாவகத் தீவில் வாழ்ந்திருந்த குடும்ப நண்பரிடமிருந்து அவர் அதனை அறிந்திருந்தார். ராபர்ட் கோக்கின் ஆய்வகம் அதனை ஏற்றது. உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் பின்பற்றின. பிற்காலத்தில் அடியில் கெட்டியான அகரும், அதன்மேல் பாக்டீரியாவும் தின்னியும் கலந்த மென்மையான அகரும் இடும் இரட்டை அடுக்கு முறையை 1936இல் பெல்ஜிய அறிஞர் ஆந்திரே கிராசியா கையாண்டார். புள்ளிகள் மேலும் தெளிவாயின. 1939இல் அமெரிக்காவில் எல்லிஸ், டெல்புரூக் ஆகிய இருவரும் தெளிபுள்ளிகளை எண்ணியே, தின்னிகள் பாக்டீரியாவினுள் பெருகிப் படிப்படியாக வெளிவரும் முறையை விளக்கினர்.

டல்பெக்கோவும் வோக்டும்

பாக்டீரியா தின்னிகளை எண்ண இயன்றது. மனிதரையும் விலங்குகளையும் தாக்கும் நச்சுயிரிகளை எண்ணுவது எவ்வாறு? செடிகளில் ஒரு வழி 1929இல் பிறந்தது. அமெரிக்க அறிஞர் ஓம்ஸ், புகையிலை இனத்துச் செடி ஒன்றின் இலையில் நோய்ச்சாற்றைத் தேய்த்து, தோன்றும் புண்களை எண்ணினார். விலங்கு நச்சுயிரிகளுக்கோ சுண்டெலிகளையும் குரங்குகளையுமே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. பல்வேறு அளவில் நீர்த்த நச்சுயிரியை விலங்குகளுக்குச் செலுத்தி, பாதி விலங்குகளைத் தாக்கும் அளவு எது எனக் கணிப்பர். செலவு மிகுதி, துல்லியம் குறைவு.

1949இல் எண்டர்சும் அவர்தம் தோழர்களும் இளம்பிள்ளை வாத நச்சுயிரியை நரம்பல்லாத திசுக்களிலும் வளர்க்கலாம் என்று காட்டியது புதிய வாயிலைத் திறந்தது. அக்காலத்தில், கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்துக்குச் செல்வர் ஒருவர் விலங்கு நச்சுயிரி ஆராய்ச்சிக்கென நிதி அளித்தார். அப்பொறுப்பை ஏற்றவர் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ரெனாட்டோ டல்பெக்கோ. பாக்டீரியா தின்னிகளில் பயின்ற அவர், அங்கே கற்றதை இங்கே கொணர்ந்தார்.

பாக்டீரியாப் பரப்புக்கு மாற்றாக அவர் கோழிக்கருவின் உயிரணுக்களைக் கொண்டார். திசுவை டிரிப்சின் என்னும் நொதியால் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் இட்டால், அவை ஓரணு அளவே தடித்த ஒற்றைப் படலமாகப் பரவும். அதன்மேல் நச்சுயிரியை ஊற்றி, அது உயிரணுக்களைப் பற்றிய பின் அகர் கூழால் மூட வேண்டும். சில நாள்களில் நச்சுயிரி தாக்கிய இடங்களில் உயிரணுக்கள் மடியும். உயிருள்ள அணுக்களையே பற்றும் செஞ்சாயத்தை இட்டால், சிவந்த பரப்பின் இடையே நிறமற்ற வட்டங்கள் தோன்றும். குதிரைகளைத் தாக்கும் மூளையழற்சி நச்சுயிரியைக் கொண்டு இதனைச் செய்துகாட்டி 1952இல் டல்பெக்கோ வெளியிட்டார். இங்கும் கோடு நேராகவே சென்றது. ஒரு துகள், ஒரு புள்ளி.

அடுத்து அவரும் மார்கரெட் வோக்டும் இளம்பிள்ளை வாத நச்சுயிரியை இம்முறையில் எண்ணி, 1954இல் முடிவுகளை வெளியிட்டனர். செருமானியரான வோக்ட் அம்மையார், கொடிய நோய்க்கிருமியோடு நாள்தோறும் பழகும் பணியைத் தயங்காமல் ஏற்றவர். தடுப்பூசி இன்னும் வழக்கிற்கு வராத காலம் அது. 1975இல் டல்பெக்கோ, புற்றுநோய் நச்சுயிரி ஆராய்ச்சிக்காக வேறிருவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வோக்டின் பெயரைப் பொதுமக்களுள் அறிந்தவர் சிலரே.

எண்ணுதலோடு மற்றொரு பயனும் கிட்டியது. ஒரு புள்ளியிலுள்ளவை யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. ஆதலின் ஒரு புள்ளியிலிருந்து மட்டும் எடுத்து வளர்த்தால் கலப்பற்ற ஒரு வழி கிடைக்கும். ஆல்பர்ட் சேபின், வாய்வழிக் கொடுக்கும் தடுப்பு மருந்துக்கென வலிமை குன்றிய நச்சுயிரி வழிகளை இவ்வாறு தெரிந்தெடுத்தார். 1958இன் இறுதியில் சிங்கப்பூரில் முதல்வகை நச்சுயிரியால் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, சேபினின் இரண்டாம் வகை மருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டது. தொலைதூர ஆய்வகத் தட்டுகளில் தோன்றிய வட்டங்களின் பயன் நம் தெருக்களை எட்டியது.

சுழியம் கற்பித்த பாடம்

புள்ளி இருந்தால் நச்சுயிரி உண்டு, இது உறுதி. புள்ளி இல்லையாயின் நச்சுயிரி இல்லை எனலாமா? இவ்வினாவுக்கு வரலாறு அளித்த விடை துயரமானது.

ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி, ஃபார்மலினால் கொல்லப்பட்ட நச்சுயிரியைக் கொண்டது. ஃபார்மலின் வினைபுரியப் புரிய உயிருள்ள நச்சுயிரிகள் சீரான விகிதத்தில் குறைந்துவரும். வரைபடத்தில் அக்கோட்டை நீட்டினால், இத்தனை நாளில் ஒன்றும் எஞ்சாது என்று கணிக்கலாம். 1955 ஏப்ரலில் அமெரிக்காவில் அத்தடுப்பூசி வழங்கத் தொடங்கிய சில வாரங்களுக்குள், ஓர் உற்பத்தியாளரின் ஊசியைப் பெற்ற குழந்தைகள் வாதத்தால் தாக்குண்டனர். அவ்வூசி மருந்தில் உயிருள்ள நச்சுயிரி எஞ்சியிருந்தது. ஊசி பெற்றோரும் அவர்களோடு பழகியோருமாக ஏறத்தாழ 200 பேர் வாதமுற்றனர். 10 பேர் உயிர் துறந்தனர்.

கணக்கைக் கருதுக. ஒரு லிட்டர் மருந்தில் உயிருள்ள நச்சுயிரி ஒன்று எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து ஒரு மில்லிலிட்டரை எடுத்துச் சோதித்தால் அது அகப்படும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. தட்டில் புள்ளி தோன்றாது. சோதிப்பவர் மனநிறைவோடு சுழியம் என்று எழுதுவார். ஆனால் அந்த லிட்டர் ஆயிரம் குழந்தைகளுக்குப் பங்கிடப்படும்போது அந்த ஒன்று யாரேனும் ஒரு குழந்தையின் உடலில் சென்று சேர்ந்தே தீரும். சுழியம் என்பது மருந்தின் இயல்பன்று; சோதித்த துளியின் இயல்பு மட்டுமே. அத்துயரத்துக்குப் பின் அமெரிக்காவில் சோதனை விதிகள் கடுமையாயின. சோதிக்க எடுக்கும் அளவு பெருகியது. கொல்லும் வினைக்கு இடையூறாகும் திரள்களை வடிகட்டி அகற்றும் முறையும் வலுப்பெற்றது.

எண்ணிக்கைக்கு வேறோர் எல்லையும் உண்டு. மின்னணு உருப்பெருக்கியில் எண்ணினால் நச்சுயிரித் துகள்கள், தெளிபுள்ளிகளைவிடப் பன்மடங்காக இருப்பதைப் பலமுறை காணலாம். எல்லாத் துகளும் தொற்றுவதில்லை. சில வேளை ஒட்டிக்கிடக்கும் பல துகள்கள் சேர்ந்து ஒரே புள்ளியையும் உண்டாக்கலாம். ஆதலின் அறிஞர்கள் இத்தனை நச்சுயிரி என்று எழுதுவதில்லை. தெளிபுள்ளி உண்டாக்கும் அலகு இத்தனை என்றே எழுதுகின்றனர். தாம் கண்டதை மட்டும் கூறும் நேர்மை அச்சொல்லாட்சியில் உள்ளது.

இன்றும் வாழும் முறை

மரபணுப் பொருளை நேரே அளக்கும் விரைவான சோதனைகள் இன்று பல உள்ளன. 2020ஆம் ஆண்டு முதல் பரவிய கொரோனாத் தொற்றின்போது அவற்றின் பயனை உலகம் கண்டது. ஆனால் அவை உயிர்ப்புள்ள நச்சுயிரியையும் அதன் எச்சத்தையும் வேறுபடுத்துவதில்லை. நோயினின்று மீண்டவரிடம் சில வாரங்கள் கழித்தும் மரபணுப் பொருள் தென்படலாம். அவர் பிறருக்கு நோயைப் பரப்புகிறார் என்று அதனால் கூறிவிட முடியாது. தொற்றும் திறன் உள்ளதா என்று அறிய வேண்டுமாயின், உயிரணுப் படலத்தின்மேல் அதனை இட்டுப் பார்க்கவே வேண்டும்.

நம் நாட்டை வாட்டும் டிங்கிக் காய்ச்சலுக்கும் இம்முறை துணைசெய்கிறது. 1967இல் பாங்காக்கில் பணியாற்றிய ஆய்வாளர்கள் தெளிபுள்ளிக் குறைப்புச் சோதனையை டிங்கிக்கெனச் செம்மையாக்கி வெளியிட்டனர். அளவறிந்த நச்சுயிரியோடு ஒருவரது குருதிநீரைக் கலந்து தட்டில் இடுவர். குருதிநீரில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் புள்ளிகள் குறையும். எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கிறது என்பதே அதன் ஆற்றலுக்கு அளவு. இங்கே புள்ளிகளின் குறைவே உடலின் காப்பாற்றலுக்குச் சான்றாகிறது.

விலைமிக்க கருவிகளால் மட்டுமே அறிவியல் வளரும் என்று எண்ணும் மாணவர்க்கு இவ்வரலாறு நல்ல விடையாகும். கண்ணாடித் தட்டும், கடற்பாசிக் கூழும், பத்தால் பெருக்கத் தெரிந்த அறிவும் கொண்டு டி ஹெரெல் பேரறிஞர் ஒருவரின் மறுப்பை எதிர்கொண்டார். நாம் வகுப்பறையில் பத்தின் அடுக்குகளைக் கற்பிக்கும்போது, அவற்றால் உயிர்கள் காக்கப்பட்டதையும், அவற்றின் எல்லையை மறந்தபோது உயிர்கள் இழக்கப்பட்டதையும் சேர்த்தே கூற வேண்டும். விடை சரியா என்று கேட்கும் மாணவன் தேர்வில் வெல்லலாம். அவ்விடை எதனை அளந்தது, எதனை அளக்கவில்லை என்றும் கேட்கப் பழகியவனே ஒரு நாள் ஆய்வகத் தட்டின் முன் அமரத் தகுதியுடையவன் ஆவான்.